கட்டிப்போட்ட படகும் கேப்டன் மாப்பிள்ளையும்

வாங்க கேப்டன், உக்காருங்க. மாப்ளேன்னு கூப்பிட்டா இப்பல்லாம் காது கேக்குமோ கேக்காதோன்னுதான் மரியாதையா ஆரம்பிச்சேன். சட்டையில நங்கூரம், தொப்பியில நங்கூரம், பத்தாததுக்குக் கையில வேற ஒரு நங்கூரத்தப் பச்சை குத்திக்கிட்டே. படகுல இருக்கிற நங்கூரத்துக்குச் சங்கிலி வாங்கியாச்சான்னு கேட்டா மட்டும், "ஆர்டர் போட்டிருக்கு மாமா"ங்கிறே.

எனக்குத் தே ஓ கோசோங் சொல்லு. உனக்கு என்ன வேணுமோ நீ சொல்லிக்க. காசு நீதான் குடுக்கிறே. சைனாடவுன் காப்பிக்கடையில படகு வச்சிருக்கிறவன் ஒருத்தன் உக்காந்திருக்கும்போது, வார்ஃபுல மூட்டை தூக்கிப் பென்ஷன் வாங்கினவன் பையில கை விட்டா ஊரு சிரிக்கும்.

மொதல்ல வெசாக் லீவுல தியோமான் தீவுக்குக் கெளம்புறோம்னே. அப்புறம் ஜூன் மாசப் பள்ளிக்கூட லீவுன்னே. அப்புறம் தேசிய தினம், சேத்து ஒரு நாள் லீவு போட்டுக்கலாம்னே. இப்ப உங்க அத்தைகிட்ட தீபாவளி கழிச்சுன்னு சொல்லியிருக்கே. சிங்கப்பூர்ல இருக்கிற எல்லா மதத்துப் பண்டிகையையும் மதிச்சுப் பயணத்தத் தள்ளிப்போட்ட ஒரே ஆளு நீதான். சமய நல்லிணக்கத்துக்கு விருது குடுத்தா உனக்குக் குடுக்கணும்.

தப்பு உன்னது மட்டும் இல்ல, ஒத்துக்கிறேன். நாலு பேரு கூடி வாங்கின படகு. ஒருத்தன் எப்பவும் ஊர்ல இருக்க மாட்டான். ஒருத்தன் எப்பவும் காசு குடுக்க மாட்டான். இன்னொருத்தன் ராத்திரியெல்லாம் யூடியூப் பாத்துட்டு விடிஞ்சதும் யோசனை சொல்லுவான். மிச்சம் நீ. பட்டியல் போடுறவன்.

அந்தப் பட்டியலக் காட்டு. எழுத்தக் கொஞ்சம் பெருசாக்கு. ஒலிபெருக்கி, முடிஞ்சுது. தண்ணிக்கு மேல மினுக்குற நீல விளக்கு, முடிஞ்சுது. மெத்தை உறை, முடிஞ்சுது. அதுவும் ரெண்டு தடவை, மொதல் கலரு யாரோ ஒருத்தன் பொண்டாட்டிக்குப் பிடிக்கலையாம். பேரு எழுதுறது, முடிஞ்சுது. இப்ப கீழ வருவோம். அடித்தண்ணி இறைக்கிற பம்பு, பாக்கணும். என்ஜின் தண்ணி பம்பு, பாக்கணும். சுக்கான்ல சத்தம், பாக்கணும். பேட்டரி, பாக்கணும், பக்கத்துல ஒரு கேள்விக்குறி.

மாப்ளே, போட்டோவுல தெரியிற வேலையெல்லாம் முடிஞ்சிருக்கு. தண்ணிக்குக் கீழ இருக்கிற வேலையெல்லாம் அப்படியே இருக்கு. தாமதம் தாமதம்னு நீ புலம்புறத நான் நம்பத் தயாரா இல்ல. கெளம்பாத வரைக்கும் நீ கேப்டன். கெளம்பிட்டா வாளியக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு வாந்தி எடுக்கிற நாலு பேர்ல ஒருத்தன். எது சொகம்னு உனக்கே தெரியும்.

சரி, நீ உக்காந்திருக்கிற ஊரு எப்படிப்பட்ட ஊருன்னு ஒரு தடவை பாத்துக்க. இங்கேர்ந்து நடந்து போற தூரத்துல தெலுக் ஆயர் தெரு. இன்னிக்கு அங்க ஆபீஸ்காரங்க கழுத்துல அட்டையத் தொங்கவிட்டுக்கிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வரிசையில நிப்பாங்க. 1880கள்ல மண்ணக் கொட்டி நிரப்புறதுக்கு முந்தி அதுதான் கடற்கரை. நம்ம ஆளுங்க நாகூர் ஆண்டவர் பேருல 1828க்கும் 1830க்கும் நடுவுல தர்கா கட்டினாங்க. அதே தெருவுல குச்சுப்பள்ளிங்கிற பள்ளிவாசல், அது 1827. சீனவங்க கடல் தாய் மாஸூவுக்கு 1839ல ஆரம்பிச்சு 1842ல தியான் ஹோக் கெங் கோயில முடிச்சாங்க. எல்லாம் கடலப் பாத்து நின்ன கட்டடம். உசுரோட கரையேறினவன் மொதல் வேலையாக் கையெடுத்துக் கும்பிட்ட இடம்.

அந்தக் காலத்துல காத்து இல்லாம எவனும் அசைய முடியாது. சீனாவிலேர்ந்து ஜங்க் கப்பலெல்லாம் வாடைக் காத்துல எறங்கி வரும். வந்து சரக்கு வித்தாச்சு, ஆனா திரும்பிப் போகக் கச்சான் காத்து எழும்பணும். அதுக்கு மே ஆகும், ஜூன் ஆகும். நம்ம நாகப்பட்டினம், நாகூர்ப் பக்கத்துக் கப்பலுங்களுக்குக் கணக்கு தலைகீழ்: கச்சான்ல வங்காள விரிகுடாவத் தாண்டி வரும், வாடைக்காகக் காத்துக் கெடந்து திரும்பும். மாசக்கணக்குல கெடந்தாங்க மாப்ளே. கெடந்த நேரத்துல பலகை இடுக்குல நாரத் திணிச்சு, குங்கிலியத்தையும் எண்ணெயையும் காய்ச்சிப் பூசிக் கலப்பத்து பாத்தாங்க. கிழிஞ்ச பாயத் தச்சாங்க. கயிறு மாத்தினாங்க. கடன் வாங்கினாங்க, கடன் குடுத்தாங்க. கொஞ்சப் பேரு இங்கயே கல்யாணமும் பண்ணிக்கிட்டாங்க. உங்க அப்பா வழியில நல்லா விசாரிச்சா நமக்கே ரெண்டு மூணு உறவு கெடைக்கலாம், இப்ப அது வேணாம். விசயம் என்னன்னா, அவங்க கையில ஒரு தேதி இருந்துச்சு. அதக் காத்து குறிச்சுக் குடுத்துச்சு. அந்தத் தேதிக்குள்ள எந்த வேலை முடியணுமோ அது முடிஞ்சுது, முடியாதத விட்டுட்டுப் பாயத் தூக்கினாங்க. உன் பட்டியலுக்குத் தேதியே கிடையாது. அதனால அது நாளுக்கு நாள் நீளுது.

நம்ம மாரியம்மன் கோயில் கதையே தாமதந்தான். அதக் கட்டின நாராயண பிள்ளை 1819ல ராஃபிள்ஸோட இந்தியானா கப்பல்ல பினாங்கிலேர்ந்து வந்து எறங்கினவரு. கோயிலுக்கு மொதல்ல இந்தத் தெலுக் ஆயர்லதான் எடம் குடுத்தாங்க. அபிசேகத்துக்கு நல்ல தண்ணி இல்ல, சரிப்படலன்னாரு. ஸ்டாம்ஃபோர்ட் கால்வாய்ப் பக்கம் வேற எடம் குடுத்தாங்க. நகரத் திட்டம் வந்து அதுவும் கைய விட்டுப் போச்சு. 1823லதான் சவுத் பிரிட்ஜ் ரோட்டுல எடம் கெடைச்சுது. 1827ல மரத்தையும் அத்தாப்பு ஓலையையும் வச்சு ஒரு கொட்டகையப் போட்டு அம்மன உக்கார வச்சுட்டாரு. கோபுரம் பின்னாடி வந்துச்சு. அம்மனே ஓலைக் கொட்டகையில குடி வந்திருக்கா. உனக்கு மெத்தை உறை ரெண்டாவது கலர்ல வேணும்.

ஆறுதலாவும் ஒண்ணு சொல்றேன். டிஸ்னி அட்வென்ச்சர்னு ஒரு கப்பல். ஜெர்மனியில விஸ்மார் பட்டறையில வேற கம்பெனிக்குன்னு கட்ட ஆரம்பிச்சது. 2022ல பட்டறை திவாலாகி, அரைகுறையா நின்னத டிஸ்னிக்காரன் வாங்கினான். சிங்கப்பூர்லேர்ந்து மொதல் பயணம் 2025 டிசம்பர் 15ன்னு விளம்பரம் பண்ணினான். பட்டறை வேலை இழுத்துச்சு. 2026 மார்ச் 10ன்னு தள்ளிட்டான். மிக்கி மவுஸுக்கே மூணு மாசம் தள்ளிப் போச்சேன்னு உன் மூஞ்சியில ஒரு வெளிச்சம் வருது பாரு, அத அணை. தள்ளும்போதே அவன் அடுத்த தேதியச் சொன்னான். நீ "கழிச்சு"ன்னு மட்டும் சொல்றே.

உனக்குச் சரியான ஆளு டிஸ்னி கெடையாது. ஜுவல் ஆஃப் மஸ்கட்னு ஒரு கப்பல் 2010ல இங்க வந்துச்சே, ஞாபகம் இருக்கா? ஒம்பதாம் நூத்தாண்டுல பெலித்துங் தீவுப் பக்கம் முழுகிப்போன அரபுக் கப்பலப் பாத்து ஓமான்காரங்க கட்டினது. ஒரு ஆணி கெடையாது. பலகையில தொளை போட்டுத் தேங்காய் நார்க் கயிறால தச்சது. அடிப்பக்கத்துக்கு ஆட்டுக் கொழுப்பையும் சுண்ணாம்பையும் குழைச்சுப் பூசினாங்க. பிப்ரவரி 16ம் தேதி மஸ்கட்ட விட்டுக் கெளம்பி, கொச்சியில நின்னு, இலங்கையில காலித் துறைக்கு வந்தா பாய்மரத்துல விரிசல். அங்கயே மரம் தேடி, செதுக்கி, புதுப் பாய்மரம் நட்டாங்க. பினாங்கு, கிள்ளான் வழியா ஜூலை 3ம் தேதி சிங்கப்பூர் வந்து சேந்தாங்க. ஓமான் அத நமக்குப் பரிசாவே குடுத்துடுச்சு.

அவங்களும் தாமதப்பட்டவங்கதான். ஆனா எங்க தாமதப்பட்டாங்கன்னு பாரு. பாதி வழியில. பாய்மரம் மேல விழுந்தா ஆளு போயிடும்கிற எடத்துல. மஸ்கட்டுலயே நின்னு எத்தனை நாளு தட்டிப் பாத்திருந்தாலும் அந்த மரம் எப்ப விரியும்னு எவனும் சொல்லியிருக்க முடியாது. கடல்ல ஓடி, பாய் நெறஞ்சு, மரத்து மேல பாரம் ஏறினாத்தான் தெரியும். நீ துறையில கட்டிப் போட்டுக்கிட்டே எல்லாக் கோளாறையும் கண்டுபிடிச்சிடலாம்னு நெனைக்கிறே. கட்டிப் போட்ட படகுக்கு வர்ற கோளாறே வேற.

என்ன கோளாறா? சொல்றேன், எழுதிக்க. நம்ம கடலு வருசம் பூரா வெதுவெதுப்பு. ஓடாத படகு அடியில கொட்டலசு குடும்பம் குட்டியோட குடியேறிடும். வாடகையும் தராது, காலியும் பண்ணாது. புரொப்பல்லர்ல ஒட்டினா என்ஜின் எவ்வளவு கத்தினாலும் படகு நகராது. கடல்தண்ணி உள்ள இழுக்கிற தொளையில ஒட்டினா என்ஜின் கொதிக்கும். அந்தத் தண்ணிய இழுக்கிற ரப்பர் இம்பெல்லர் இருக்கே, பாக்க ஒண்ணுமில்ல, உள்ளங்கை அகலந்தான். ஒரே நெலையில மாசக்கணக்குல நின்னா அதோட இதழ் மடிஞ்சு விறைச்சுப் போகும். ஸ்டார்ட் பண்ணினதும் ஒடியும். ஒடிஞ்ச துண்டு குளிர்விக்கிற குழாய்க்குள்ள போய் உக்காந்துக்கும். புது இம்பெல்லர் போட்டாலும் பழைய துண்டத் தோண்டி எடுக்காம தண்ணி ஓடாது. ரெண்டு வாங்கி வை. ஒரு ஒலிபெருக்கி வெலையில எத்தனை இம்பெல்லர் வாங்கலாம்னு நான் கேக்க மாட்டேன், நீயே ராத்திரி படுத்துக்கிட்டு வகுத்துப் பாரு.

அடுத்தது டீசல். தொட்டியப் பாதி காலியா வச்சிருக்கீங்க, ஏன்னா நெரப்புறதுக்குக் காசு குடுக்க வேண்டிய ஆளு ஊர்ல இல்ல. காலி எடத்துல இருக்கிற ஈரக்காத்து குளிர்ந்து தண்ணியா அடியில எறங்கும். தண்ணியும் டீசலும் சேர்ற எடத்துல கிருமி வளரும், கறுப்பாக் கசடு கட்டும். துறையில அசையாம நிக்கிற வரைக்கும் அது சாதுவாக் கெடக்கும். அலையில தொட்டி குலுங்கும்போது எழும்பி வந்து ஃபில்டர அடைக்கும். அதாவது, காத்து வேகமாகி, பாய எறக்கிட்டு, இனி என்ஜின்தான் தொணைன்னு நீ நெனைக்கிற அந்த நிமிசத்துல. மாத்து ஃபில்டர் எத்தனை இருக்கு? பட்டியல்ல பேரே காணும்.

அடியில துத்தநாகக் கட்டி ஒண்ணு முடுக்கியிருக்கும், பாத்திருக்கியா? கடல்தண்ணியில உலோகம் அரிக்கும்போது, புரொப்பல்லருக்குப் பதிலா அது தன்னக் கரைச்சுக்கும். உங்க அம்மா மாதிரி. கரைஞ்சு முடிஞ்சப்புறந்தான் இருந்துச்சுன்னே எல்லாருக்கும் தெரியும். அத இந்த வாரமே மாத்து. அம்மாவுக்கு ஒரு போனும் போடு.

படகு ஒடம்புல தொளை இருக்கிற எடமெல்லாம் வால்வு இருக்கும். ஒவ்வொரு வால்வையும் தொறந்து மூடிப் பாரு. பக்கத்துலயே அளவுக்குச் செதுக்கின மரத் தக்கையக் கயித்துல கட்டித் தொங்கவிடு. வால்வு ஒடிஞ்சு தண்ணி பீச்சியடிக்கும்போது தக்கை எந்த டப்பாவுலன்னு தேடிக்கிட்டிருக்க முடியாது. இதெல்லாம் ஒரு நாள் வேலை. நீல விளக்கு மாட்ட மூணு ஞாயித்துக்கெழம ஆச்சு உங்களுக்கு.

இந்தச் சிங்கப்பூர் ஆத்துல ஓடின படகுங்கள நெனச்சுப் பாக்கிறேன். ஆரம்பத்துல சோழமண்டலக் கரையிலேர்ந்து வந்த நம்ம சூலியாக்கள் கையில இருந்த தொழிலு, பின்னாடி சீனவங்க கைக்குப் போச்சு. தோங்காங், துவாக்கோன்னு அடுக்கடுக்கா நிக்கும். படகு வழி பாத்துப் போகட்டும்னு முன்பக்கம் ரெண்டு கண்ணு வரைஞ்சு வச்சிருப்பாங்க. ஒண்ணாவது மினுக்கிக்கிட்டு நின்னுச்சா? எல்லாம் கரி அப்பி, எண்ணெய் அப்பி, முதுகு வளைஞ்சு கெடக்கும். ஆனா தெனம் ஓடிச்சு. ஆத்தச் சுத்தம் பண்றோம்னு 1983ல மொத்தத்தையும் பாசிர் பாஞ்சாங் பக்கம் அனுப்பினாங்க. இப்ப அங்க ஓடுறதெல்லாம் சுற்றுலாக்காரன் போட்டோ எடுக்கிற படகு. உன் படகுக்கு அண்ணன் தம்பி முறை வேணும்.

இப்ப தலையான விசயத்துக்கு வர்றேன். தீபாவளி கழிச்சுத் தியோமான்னியே, காத்தப் பத்தி யாரையாவது கேட்டியா? தீபாவளி கழிஞ்சா நவம்பர். நவம்பர்ல வாடை பிடிச்சுடும். மலேசியாவோட கெழக்குக் கரை பூரா அலை எழும்பிடும். தியோமான்ல பெரும்பாலான விடுதிய மூடிட்டுச் சாவியத் தூக்கிக்கிட்டு ஆளுங்க கெளம்பிடுவாங்க. மார்ச் பொறக்கணும் மறுபடி தொறக்க. நாலு மெத்த படிச்சவங்க சேந்து, வருசத்துல எட்டு மாசம் போகக்கூடிய ஊருக்கு, போகக்கூடாத நாலு மாசத்தப் பாத்துப் பொறுக்கி எடுத்திருக்கீங்க. இதுக்கும் ஒரு திறமை வேணும்.

மூஞ்சியத் தொங்கப் போடாதே. கப்பல் கவிழ்ந்தாலும் கன்னத்துல கை வைக்காதேன்னு சொல்லுவாங்க; உன் கப்பல் கவிழ்றதுக்கு மொதல்ல கெளம்பணும். கெழக்குக் கதவு சாத்தினா மேற்குக் கதவு தொறக்கும். வாடைக் காலத்துல மலாக்கா நீரிணைப் பக்கம் மலேசிய மலை மறைச்சு நிக்கிறதால கடலு அடங்கி இருக்கும். போர்ட் டிக்சன், கிள்ளான், பினாங்கு, லங்காவின்னு கரையோரமாவே ஏறிப் போகலாம். 1990லேர்ந்து ராஜா மூடா பாய்மரப் போட்டிய அந்தப் பாதையில நவம்பர் மாசம் பாத்து நடத்துறானே, அவன் என்ன கிறுக்கனா? பட்டியல அப்படியே வச்சுக்க, ஊர மாத்து.

ஆனா அதுலயும் நேராப் போய் மாட்டிக்காதே. வாசல்லயே சிங்கப்பூர் நீரிணை. எந்த நேரம் பாத்தாலும் நம்ம துறைமுகத்துல ஆயிரம் கப்பல் கிட்ட நிக்கும். அந்தக் கப்பல்காரன் கண்ணுக்கு உன் நீல விளக்கு தெரியும்னு நெனைக்காதே. நவம்பர் வரைக்கும் விடிகாலையில சுமத்ராக் காத்து வேற உண்டு. மேற்க இருட்டிக்கிட்டு வரும், மணிக்கு நாப்பதுலேர்ந்து எம்பது கிலோமீட்டர் வேகத்துல அடிக்கும், ஒரு மணி நேரத்துல ஒண்ணுமே நடக்காத மாதிரி போயிடும். கடப்பிதழ், படகு உரிமம், ஓட்டுற உரிமம் எல்லாம் நனையாத பையில ஒரே எடத்துல இருக்கட்டும். கடல்லயே படகக் கொண்டாந்து குடிநுழைவு அதிகாரிங்க காகிதம் கேப்பாங்க. அப்ப நீ மெத்தை உறையத் தூக்கித் தூக்கித் தேடிக்கிட்டிருந்தா அந்த உறையோட கலரு அவங்களுக்கும் பிடிக்காது.

அதனால மொதல்ல ஒரு ராத்திரி. லாசரஸ் தீவு, செயின்ட் ஜான்ஸ் தீவுப் பக்கம் போய் நங்கூரத்தப் போடுங்க. 1874லேர்ந்து கப்பல்ல வந்தவங்கள நோய்க்குப் பயந்து நிறுத்தி வச்ச தீவு அந்தச் செயின்ட் ஜான்ஸ். நம்ம ஊர்லேர்ந்து டெக் டிக்கெட்டுல வந்த சனம் சிங்கப்பூரக் கண்ணால பாத்துக்கிட்டே அங்க உக்காந்திருந்துச்சு. நீங்க நாலு பேரும் அதே தண்ணியில ஒரு ராத்திரி தூங்கிப் பாருங்க. பக்கத்துல குசு தீவு. சீனவங்களுக்கு ஒம்பதாம் மாசம் வந்துட்டா தோவா பெக் கோங் கோயிலுக்குப் படகு படகாக் கெளம்புவாங்க. வயசான பாட்டிங்க பழக்கூடையத் தூக்கிக்கிட்டு அலையில ஆடிக்கிட்டே போவாங்க மாப்ளே. பச்சை குத்தாத பாட்டிங்க.

அந்த ஒரு ராத்திரியில எது ஒழுகுது, எது கத்துது, யாரு குறட்டை, யாரு பயந்தாங்கொள்ளின்னு தெரிஞ்சுடும். விடிஞ்சு திரும்பி வந்ததும் பட்டியலக் கிழிச்சுட்டுப் புதுசா எழுது. பத்து வரிக்கு மேல போகாது. ஆளக் கொல்றது எதுவோ அது மேல. மானத்த வாங்குறது எதுவோ அது கீழ. மேல இருக்கிறது முடிஞ்சா கெளம்பு.

உறவுக்காரங்ககிட்ட மட்டும் வாய விட்டுடாதே. லங்காவின்னு ஊரச் சொன்னா நாளச் சொல்லாதே. நாளச் சொன்னா எந்த ஊர்ல ஏறுறதுன்னு சொல்லாதே. ரெண்டையும் சொன்னேன்னு வையி, உன் சின்ன மாமனாரு விமான டிக்கெட் எடுத்துட்டு லங்காவி படகுத்துறையில பெட்டியோட நிப்பாரு. அவரு கோவிச்சுக்கக் கூடாதேன்னு நீ காத்தப் பாக்காம பாயத் தூக்குவே. பேட்டரி செத்து மாட்டினவன விட, பெரியவங்களுக்கு வாக்கு குடுத்து மாட்டினவன்தான் கடல்ல அதிகம்னு எனக்குத் தோணுது.

இப்ப பர்ஸ எடு. தேத்தண்ணிக்கு இல்ல, அது தனி. எனக்குத் தெரிஞ்சு ஒருத்தன் இருக்கான், தண்ணிக்குள்ள முக்குளிச்சுப் படகடியச் சுரண்டுறவன். ஞாயித்துக்கெழம காலையில வரச் சொல்லிட்டேன். அவனுக்கு முழுக் கூலியும் முன்பணமா நானே குடுத்துட்டேன். இப்ப நீ எனக்குக் கடன்காரன். அந்தக் காசு, லங்காவியிலேர்ந்து நீ போன் பண்ற அன்னிக்கு வந்தாப் போதும். அதுவரைக்கும் வாரா வாரம் உங்க அத்தை உன் வீட்டுக்கு வந்து கேப்பா. என்ன முழிக்கிறே? எத்தனை மணிக்குப் படகுத்துறைக்கு வரணும்னு அவன் கேக்கிறான், சொல்லு.